போனை முதலில் அவர் கையில் கொடுங்கள்

பெங்களூரு அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் மொபைல் விற்பனையும் சர்வீஸும் பார்க்கிறேன். பட்டன் போன் காலத்திலிருந்து இதே கவுண்டர்தான். போன மாதம் ஒரு சாயங்காலம் பூ விற்கும் அம்மா ஒருவர், மடியிலிருந்து போனை எடுத்து வைத்தார். "செத்துப்போச்சு தம்பி. எப்படியாவது உயிர் குடு."

போனில் ஒரு கீறல்கூட இல்லை. வாங்கி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. டிஸ்ப்ளே எரிகிறது, சார்ஜ் ஏறுகிறது. ஆனால் இதற்கு முன் இந்தப் போனில் இருந்த கூகுள் கணக்கைப் போடு என்று ஒரு பக்கம் வந்து நிற்கிறது. அதைத் தாண்டி நகரவே இல்லை.

விசாரித்தால் கதை இதுதான். மகனுக்குப் புனேயில் வேலை. ஊருக்கு வந்தவர் அம்மாவுக்கு டச் போன் வாங்கி, இருபது நிமிஷத்தில் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலேறிவிட்டார். புதிதாக ஒரு ஜிமெயில், அதற்கொரு பாஸ்வேர்டு, பூட்டுக்கு ஒரு பேட்டர்ன், எல்லாம் அவர் விரலாலேயே. அம்மாவுக்குப் பேட்டர்ன் மறந்துபோனது. மகள் வீட்டுப் பேரன் கண்டபடி கோடு இழுத்துப் பார்த்தான். கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்து ரீசெட் அடித்துவிட்டான். படங்கள் போயின, நம்பர்கள் போயின, போனும் பூட்டிக்கொண்டது.

எங்கள் தொழிலில் இதை எஃப்ஆர்பி லாக் என்போம். 2015இல் ஆண்ட்ராய்டு 5.1 வந்தபோது கூடவே வந்த பூட்டு. திருடியவன் ரீசெட் அடித்துவிட்டுப் போனை விற்றுவிடக்கூடாது என்பதற்காக வைத்தது. முன்பு அதில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டோ, பழைய ஸ்க்ரீன் லாக்கோ தெரிந்தால்தான் திறக்கும். நல்ல பூட்டுதான். ஆனால் திருடன் யார், பூக்கார அம்மா யார் என்று அதற்குத் தெரியாது. மகனைப் போனில் பிடித்தால், "என்ன பாஸ்வேர்டு போட்டேன்னு ஞாபகம் இல்லைண்ணா. ஏதோ ஒரு மெயில் வேணும்னு கேட்டுச்சு, போட்டேன்" என்கிறார்.

அந்த "ஏதோ ஒரு மெயில்"தான் போனின் சாவிக்கொத்து என்பது பலருக்குத் தெரியவில்லை. நம்பர்கள் அதில்தான் சேமிக்கப்படுகின்றன. வாட்ஸ்அப் பேக்கப் அதில்தான் போய் உட்காருகிறது. அடுத்த போன் வாங்கும்போது அதே நம்பரும் அதே கணக்கும் இருந்தால்தான் அந்தப் பேக்கப்பிலிருந்து பழைய பேச்சுகள் திரும்பி வரும். இன்னும் சில வீடுகளில் வேறொரு கூத்து நடக்கும். மகன் தன்னுடைய ஜிமெயிலையே அப்பா போனிலும் போட்டுவிடுவார். ஒரு வாரத்தில் மகனின் ஆபீஸ் நம்பர்களெல்லாம் அப்பாவின் கான்டாக்டில் நிற்கும். பெரியவர் டெய்லருக்கு அடிக்கப் போய் மகனின் மேனேஜரை எழுப்பிவிடுவார். ஒருவருக்கு ஒரு கணக்கு, அவர் பெயரிலேயே. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். எழுதி வைக்கவே கூடாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் விஷயத்தில் நான் அதை ஏற்பதில்லை. மறந்துபோய்ப் பூட்டிக்கொண்டு வருகிறவர்களைத்தான் என் கவுண்டரில் அதிகம் பார்க்கிறேன். ஆனால் அந்தச் சீட்டை போன் பவுச்சுக்குள் மட்டும் வைக்காதீர்கள். பேக் கவரைக் கழற்றினால் விபூதிப் பொட்டலம், ஐந்நூறு ரூபாய் நோட்டு, ஏடிஎம் பின் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு எல்லாம் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

"எல்லாம் செட் பண்ணிட்டேண்ணா, டெம்பர்டு மட்டும் ஒட்டிக் குடுங்க" என்று பிள்ளைகள் சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போதெல்லாம் என் கடையில் ஒரு வழக்கம். பெரியவரை ஸ்டூலில் உட்காரவைத்து, சீல் பிரித்த போனை அவர் கையில் கொடுத்துவிட்டு என் கையைக் கட்டிக்கொள்வேன். கூட வந்த மகளோ மருமகனோ கை நீட்டினால், "நீங்க டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவேன். இருபது நிமிஷ வேலைக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

முதல் கேள்வி பாஷை. தமிழ் பேசுகிறவர் என்பதால் தமிழில் போட்டுவிடக்கூடாது, நம் ஊரில் இது முக்கியம். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் கன்னடம் படித்தவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தடுமாறும். அதனால் "எந்தப் பாஷை பேசுவீங்க" என்று கேட்பதில்லை, "பஸ் போர்டு எதுல படிப்பீங்க" என்று கேட்பேன். 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13க்குப் பிறகு, அந்த வசதி உள்ள ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி பாஷை வைக்கலாம். போன் தமிழில் இருக்க, ஒரு ஆப் மட்டும் கன்னடத்தில் இருக்கலாம். எழுத்தே வராதவர்களுக்கு மகன், மகள், டாக்டர் மூவரின் படத்தையும் முகப்பிலேயே வைத்துவிடுவேன். படத்தைத் தொட்டால் நேரே அழைப்பு போகும். டைப் அடிக்க வராதவர்களுக்குக் கீபோர்டில் இருக்கும் மைக். தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும் வசதி 2017இலேயே வந்துவிட்டது. அதை முதல்முறை பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வரும் சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

அடுத்தது விரல். "டச் வேலை செய்யல" என்று வருகிற போன்களில் பாதிக்கு மேல் ஒரு கோளாறும் இருக்காது. டச் ஸ்க்ரீன் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை. நம் தோலில் இருக்கும் மிகச் சிறிய மின்சாரத் தன்மையைத்தான் உணர்கிறது. பட்டன் போனில் பழகியவர்கள் கட்டைவிரலால் அழுத்திப் பிடிப்பார்கள். அழுத்திப் பிடித்தால் போனுக்கு வேறு அர்த்தம்: இந்த ஐகானை இடம் மாற்றப் போகிறார் என்று நினைத்துக்கொள்ளும். "வாட்ஸ்அப் காணாமப் போச்சு" என்ற புகார் பாதி இப்படித்தான் பிறக்கிறது. வாட்ஸ்அப் எங்கும் போயிருக்காது, முகப்பிலிருந்து இழுபட்டு வேறு மூலையில் கிடக்கும். இன்னொன்று, போனைப் பிடித்திருக்கும் இடது கைச் சதை ஸ்க்ரீன் ஓரத்தில் பட்டுக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு தொடுதல், இங்கே ஒரு தொடுதல் என்று போன் குழம்பிவிடும். போனை உள்ளங்கையில் தட்டுபோல ஏந்தச் சொல்வேன். "நெத்தியில குங்குமம் வைக்கிற மாதிரி தொடுங்கம்மா, போதும்" என்பேன். தள்ளுவதற்கு, இலையில் சோற்றை ஒதுக்குகிற மாதிரி. சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். விரல் ரொம்ப வறண்டிருந்தாலும் டச் எடுக்காது. கொஞ்சம் ஈரத் துணியில் துடைத்துக்கொண்டால் சரியாகும்.

செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் பிள்ளைகள் யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை. பெரியவர்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கலாம். எவ்வளவு நேரம் தொட்டால் "அழுத்திப் பிடித்தது" என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை நீட்டி வைக்கலாம். இந்த ஒன்றே பாதித் தொல்லையைத் தீர்க்கும். பவர் பட்டனைத் தட்டினால் கால் கட் ஆகும்படியும் வைக்கலாம். கீழே மூன்று பட்டன் இல்லாமல் தள்ளித் தள்ளிப் போகிற முறையை எடுத்துவிட்டு, பழைய மூன்று பட்டனையே திரும்பக் கொண்டுவாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற பட்டன் இருந்தால் மனசுக்குத் தைரியம்.

ஆனால் அங்கேயே ஒரு வம்பும் இருக்கிறது. ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர், "போனுக்குப் பேய் பிடிச்சிருக்கு, தொட்டா பேசுது" என்று கொண்டுவந்தார். அது டாக்பேக், கண் தெரியாதவர்களுக்கான வசதி. பல போன்களில் இரண்டு வால்யூம் பட்டனையும் மூன்று விநாடி சேர்த்துப் பிடித்தால் ஆன் ஆகிவிடும். அவர் சட்டைப் பையில் திணிக்கும்போது பிடித்திருப்பார். அந்த நிலையில் ஒரு தட்டு தட்டினால் வாசிக்கும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும், இரண்டு விரலால் தள்ளினால்தான் நகரும். மறுபடி அதே இரண்டு பட்டனையும் பிடித்தால் பேய் போய்விடும். அவர் அதற்குள் ஒரு கடையில் நானூறு ரூபாய் கொடுத்திருந்தார்.

போன் எடுப்பது எளிது என்று நினைக்கிறோம். கவனித்துப் பாருங்கள். ஸ்க்ரீன் அணைந்திருக்கும்போது கால் வந்தால் பெரிதாக வரும், பல போன்களில் தள்ளித்தான் எடுக்க வேண்டும். யூடியூப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தால் மேலே சின்னப் பட்டையாக வரும், தட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரே வேலைக்கு இரண்டு முறை. நமக்குக் கையோடு வருவதால் இது தெரிவதில்லை. அவர்களோ ஒன்றைக் கற்றுக்கொண்டு மற்றதில் தோற்று, "எனக்கு இதெல்லாம் ஏறாது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இரண்டு நிலையிலும் நான் என் போனிலிருந்து அடித்து, ஐந்தைந்து முறை எடுக்கவைப்பேன்.

மெசேஜ் படிப்பதற்கு, குடும்பத் தலைவிகளுக்குக் கர்நாடக அரசு மாதாமாதம் தரும் கிருஹலட்சுமி பணம்தான் என் பாடப்புத்தகம். 2023 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து "ரெண்டாயிரம் வந்துச்சா பாரு தம்பி" என்று வராத நாளில்லை. நான் பார்த்துச் சொல்வதில்லை, அவர்களையே திறக்கச் சொல்வேன். அப்படியே அனுப்பியவர் பெயரைப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்துவிடலாம். 2025இலிருந்து அந்தப் பெயரின் கடைசியில் ஒரு ஆங்கில எழுத்து சேர்ந்து வருகிறது: ஜி என்றால் அரசு, பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பணப் பரிவர்த்தனை. பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து பேங்க் பெயரில் வருவதைத் தொடவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போலீஸ் அபராதம் என்று ஏபிகே என முடிகிற ஃபைல் வந்தால் அது பத்திரிகையும் அல்ல, அபராதமும் அல்ல, திருட்டு ஆப். உள்ளே விட்டால் மெசேஜையெல்லாம் படித்துவிடும், ஓடிபி உட்பட. யூபிஐ பின் பணம் அனுப்பவும் பேலன்ஸ் பார்க்கவும்தான், பணம் வாங்க யாருக்கும் பின் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல், சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு உடனே அடிக்க வேண்டும். அந்த நம்பரை நானே சொல்ல, அவர்களே கான்டாக்டில் போடுவார்கள், அதுவும் ஒரு பயிற்சி.

பில்லின் பின்னால், ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பரை எழுதிவையுங்கள். *#06# அடித்தால் 15 இலக்கமாக வரும். தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்க அதுதான் வேண்டும்.

பூக்கார அம்மா விஷயத்துக்கு வருகிறேன். "உடைச்சுக் குடு தம்பி, எவ்ளோ ஆனாலும் தர்றேன்" என்றார். பூட்டை உடைத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. நான் செய்வதில்லை, திருட்டுப் போனும் அதே வழியாகத்தான் வருகிறது. மகனை லைனில் வைத்துக்கொண்டு கணக்கை மீட்டோம். நல்லவேளை, ரெகவரி நம்பராக மகன் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். பாஸ்வேர்டு மாற்றிய உடனே போன் அதை ஏற்காமல் போகலாம், அதனால் 24 மணி நேரம் பொறுத்திருந்து மறுநாள் திறந்தோம். இந்த முறை எல்லாம் அம்மாவின் விரலால். பேட்டர்ன் வேண்டாம் என்று பின் நம்பர் வைத்தார். பாஸ்வேர்டை எண்ணெய் படிந்த பூக்கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் கையெழுத்திலேயே எழுதினார். ரெகவரி நம்பராகத் தன் நம்பரையும் சேர்த்தார்.

கடையை விட்டு இறங்கிக் கோயில் வாசலுக்குப் போய், தானாகவே எனக்கு அடித்தார். "கேக்குதா தம்பி?" "கேக்குதும்மா." "சரி, வெச்சுடறேன்." வைக்கவில்லை. போனை அப்படியே கூடையில் போட்டுவிட்டார் போல. முழம் முப்பதா இருபத்தைந்தா என்று ஒரு பெண்ணோடு அவர் பேரம் பேசுவதை நான் நாலு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டுக்கு முடிந்தது.