குளிர்பெட்டி வந்ததும் காலம் நின்றுவிடுவதில்லை

சேலத்தில் இறுதிச் சடங்குகளுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் தொழிலில் நான் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். குளிர்பெட்டி, அமரர் ஊர்தி, சாமியானா, மயானத்தில் நேரம் பதிவு செய்வது, சேர்வராயன் மலைக் கிராமங்களுக்கு உடலைக் கொண்டு சேர்ப்பது எல்லாம் எங்கள் வேலைதான். இப்படி ஒரு கட்டுரையை எழுத வேண்டும் என்று பலமுறை எண்ணியும், துக்க வீட்டாரைக் குறை சொல்வதாக ஆகிவிடுமோ என்ற தயக்கத்தில் தள்ளிப்போட்டு வந்தேன். சென்ற சித்திரையில் அம்மாபேட்டையில் நடந்ததற்குப் பிறகு அந்தத் தயக்கம் போய்விட்டது.

எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வீட்டிலேயே காலமானார். இளைய மகன் கனடாவில் இருக்கிறார். ஞாயிறு இரவு வந்துவிடுவார் என்றார்கள். யாரோ கொடுத்த எண்ணில் அழைத்து ஒரு பெட்டியை வரவழைத்து, வாசலில் தகரக் கொட்டகையின் கீழே வைத்துவிட்டு, இனி அவசரமில்லை என்று எல்லோரும் ஆறுதலடைந்திருக்கிறார்கள். மகன் இடையில் ஒரு விமானத்தைத் தவறவிட்டு, திங்கட்கிழமை நண்பகலில்தான் வந்து சேர்ந்தார். என்னை அழைத்தது ஞாயிறு காலையில். பெட்டியிலிருந்து ஒரு வாடை வருகிறது, வேறு பெட்டி வேண்டும் என்று கேட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது, வாடை பெட்டியிலிருந்து வரவில்லை என்பதை மூத்த மகனைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டு, "பெட்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்குதுங்க, அப்புறம் எப்படிங்க?" என்று கேட்டார். பல்லாயிரம் மைல் கடந்து வந்த தம்பிக்குத் தாயின் முகத்தைக் காட்டவில்லை. துணியால் மூடிய உருவத்துக்குத்தான் அவர் வாய்க்கரிசி இட்டார். இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை.

ஆகவே, படித்தவர்கள், படிக்காதவர்கள், ஏன், சில மருத்துவர்கள் வீட்டிலும்கூட நான் காணும், பெட்டி வந்துவிட்டால் உடல் கெடாது என்ற இந்த ஒரு தவறான நம்பிக்கையைக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன். வாடகைக்கு வரும் பெட்டியை எல்லோரும் "ஃப்ரீசர் பாக்ஸ்" என்று சொல்கிறோம். அந்தப் பெயரில்தான் கோளாறு தொடங்குகிறது. அது எதையும் உறைய வைப்பதில்லை. அடியில் ஒரு கம்ப்ரசர், மேலே ஒரு கண்ணாடி மூடி, நடுவே குளிர்ந்த காற்று, அவ்வளவுதான். அந்தக் குளிர் உடலின் மேற்பரப்பிலிருந்து உள்ளே மெல்ல மெல்லத்தான் இறங்கும். உயிர் பிரிந்த நேரத்தில் 37 டிகிரி வெப்பத்தில் இருந்த வயிற்றுப் பகுதி குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். உடல் பருத்தவராக இருந்தால் இன்னும் அதிகம். குடலில் நாம் உயிரோடிருந்தபோது சோறு செரிக்க உதவிய அதே நுண்ணுயிர்கள் அந்த நேரம் முழுவதும் தங்கள் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். வெளியே கை வைத்துப் பார்த்தால் நெற்றி சில்லென்று இருக்கும். ஆனால் சிதைவின் அடையாளமாக அடிவயிற்றின் வலப்பக்கம் பச்சை பூக்கத் தொடங்கியிருக்கும். நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "அம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்று சொல்லும் உறவினரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நெற்றியை நம்பி விமான டிக்கெட்டைப் போடாதீர்கள்.

பெட்டி எப்போது வருகிறது என்பது, பெட்டி எவ்வளவு நல்லது என்பதைவிட முக்கியம். விடியற்காலையில் இறந்தவரைக் குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தி, சொந்தங்கள் எல்லாம் வந்து அழுது முடித்து, மாலை நான்கு மணிக்குப் பெட்டியை அழைத்தால், சித்திரை, வைகாசி வெயிலில் அந்தப் பத்து மணி நேரத்தில் நடந்ததைப் பெட்டி திருப்பிக் கொடுக்காது. வந்த பிறகும் நம் மக்கள் அதைப் பெட்டியாக நடத்துவதில்லை. ஒவ்வொரு உறவினர் வந்ததும் மூடியைத் திறந்து முகம் தொட்டு அழ விடுகிறார்கள்; மாலைகளை உள்ளே குவிக்கிறார்கள்; பக்கவாட்டில் காற்று போகும் கம்பிவலையில் ஊதுபத்தி டப்பாவையும் செருப்பையும் சார்த்தி வைக்கிறார்கள். ஒரு மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் பெட்டி, இரண்டு மின்விசிறி, சீரியல் விளக்கு, காபி போட ஒரு மின்அடுப்பு என்று எல்லாவற்றையும் மாட்டி, மின்னழுத்தம் குறைந்து கம்ப்ரசர் நின்றுபோனதை யாரும் கவனிப்பதில்லை. கண்ணாடியில் முத்து முத்தாக நீர் கோர்த்தால் அது அடிக்கடி திறக்கப்படுகிறது அல்லது குளிர் கசிகிறது என்று பொருள். துடைத்துவிட்டு மறுபடியும் முகம் பார்ப்பதற்காக அது வரவில்லை.

ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் என்றால், நிழலான அறையில், தனி இணைப்பில், திறக்காமல் வைத்த நல்ல பெட்டி போதும். அதற்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று முதல் மணி நேரத்திலேயே தெரிந்தால், பெட்டியைப் பற்றிப் பேசாதீர்கள். குளிர் அறை உள்ள மருத்துவமனைப் பிணவறையில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள், அல்லது உடல் கெடாமலிருக்க மருந்து செலுத்தும் எம்பாமிங் செய்யுங்கள். எம்பாமிங் என்றதும் "வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத்தானே" என்பார்கள். விமானத்தில் ஏற்ற அது கட்டாயம் என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவருக்காகக் காத்திருக்கும் உடலுக்கும் அதே தேவைதான். ரத்தக் குழாய் வழியாக ஃபார்மலின் கலந்த திரவத்தைச் செலுத்துவார்கள். மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறையில் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சிதைவு தொடங்கிய பிறகு அதனால் பெரிய பயன் கிடையாது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, சரிப்படவில்லை என்றால் எம்பாமிங் என்று திட்டமிடுவது, பால் திரிந்த பிறகு அடுப்பில் வைப்பதைப் போன்றது.

(இஸ்லாமியக் குடும்பங்களில் இந்தச் சிக்கலை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஜமாத்தில் சொன்ன சில மணி நேரத்துக்குள் கஃபன் துணி, உடலைச் சுமந்து செல்லும் சந்தூக், அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் எல்லாம் முடிவாகிவிடும். வர முடியாதவர் வர முடியாதவர்தான் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.)

மலையில் வேறொரு நம்பிக்கை இருக்கிறது. ஏற்காட்டிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும், "இந்தக் குளிருக்குப் பெட்டி எதற்கு" என்று கேட்பார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் நமக்குப் போர்வை தேவைப்படும் இரவும், உடலைப் பொறுத்தவரை குளிர்பதனம் ஆகாது. பகல் வெயிலில் எஸ்டேட் லைன் வீடுகளின் தகரக் கூரைக்கு அடியில் சேலத்து வெப்பம்தான் இருக்கும். பெட்டியை மேலே கொண்டு போவதும் எளிதல்ல. இருபது கொண்டை ஊசி வளைவுகள்; மழைக்காலத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, ஆகவே ஜெனரேட்டரையும் சேர்த்தே பேசிக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டதைப் போன்ற நாள்களில் மலைக்குப் போகும் மற்றொரு பாதையான குப்பனூர் வழியைத்தான் நினைக்க வேண்டியிருக்கும். சாதாரண வேனில் உடலை ஏற்றி அனுப்பும் ஓட்டுநருக்கு மலை ஏறும்போது தலைப்பக்கம் வண்டியின் முன்புறம் இருக்க வேண்டும் என்பதுகூடத் தெரிவதில்லை. கால் முன்னே, தலை பின்னே என்று ஏற்றிவிட்டால், ஏற்றத்தில் தலை தாழ்ந்து, வயிற்றிலிருப்பது வாய் வழியாக வந்துவிடும். அதைப் பார்த்த மகளுக்கு அந்தக் காட்சி ஆயுளுக்கும் மறக்காது. மலைக்கு ஓட்டிப் பழகியவரா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

குழி தோண்டுவதையும் உடல் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனது. பல இடங்களில் மூன்றடிக்குக் கீழே கடப்பாரை "டணார்" என்று நிற்கும், வேறு இடத்தில் மறுபடி தொடங்க வேண்டும். சொந்தத் தோட்டத்திலேயே புதைத்துவிடலாம் என்ற எண்ணமும் மலையிலும் கீழே கிராமங்களிலும் பரவலாக இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கிராம ஊராட்சிகள் விதிகளின்படி, உரிமம் பெற்ற இடுகாடு, சுடுகாடு அல்லாத இடத்தில் அடக்கம் செய்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. வீடுகளுக்கும் குடிநீர் ஆதாரங்களுக்கும் 90 மீட்டருக்குள் கூடவே கூடாது. பாட்டனார் சமாதி அங்கேதான் இருக்கிறது என்பது இன்றைக்கு அனுமதி ஆகாது. தேவாலயக் கல்லறைத் தோட்டம் என்றால் பங்குத்தந்தையிடமோ ஆயரின் சபை அலுவலகத்திலோ முதலில் பேசுங்கள். குடும்பக் கல்லறையைத் திறக்க வேண்டுமானால் அவர்கள் பதிவேட்டைப் பார்க்கவே நேரம் எடுப்பார்கள்.

இப்போது ஆளைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன். மருத்துவமனை வாசலில், உயிர் பிரிந்த செய்தி உங்களுக்கு வருமுன்பே அட்டையோடு நிற்பவர் யாரோ ஒருவர் சொல்லித்தான் அங்கே நிற்கிறார். அவருக்குப் போகும் கமிஷன் உங்கள் கணக்கில்தான் ஏறும். அரசு மருத்துவமனையில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டு செல்ல அரசின் இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, 155377 என்ற எண்ணில் அழைக்கலாம். இது தெரியாமல் வாசலில் நிற்கும் வண்டிக்குப் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தொழில் போனாலும் பரவாயில்லை என்று எண்ணைச் சொல்லிவிடுவேன். 108 வண்டி உயிரோடிருப்பவர்களுக்கானது, அதை அழைத்துப் பயனில்லை. "எல்லாம் சேர்த்து ஒரே தொகை" என்பவரிடம் எது எல்லாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்: பெட்டி வாடகை இருபத்து நான்கு மணி நேரத்துக்கா, அல்லது நள்ளிரவு தாண்டினால் இரண்டாம் நாளா, ஊர்திக்குக் கிலோமீட்டர் கணக்கா, மலைக்குத் தனியா, மயானத்தில் காத்திருந்தால் தனியா, பூப்பல்லக்கு, வாத்தியம், மயானப் பணியாளர்கள் கூலி யார் பொறுப்பு. இழவு வீட்டில் கணக்குப் பேசுவது அநாகரிகம் என்று நினைக்கும் நம் பண்பைத்தான் சிலர் மூலதனமாக வைத்திருக்கிறார்கள். கண் கலங்கி நிற்கும் மகனோ மகளோ பேச வேண்டாம். ஒரு மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் பேசட்டும்.

சில எச்சரிக்கைகளைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இறந்தவர் மார்பில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால், தகனத்துக்கு முன் அதை எடுத்தாக வேண்டும். அதன் பேட்டரி சூட்டில் வெடிக்கும், தகன மேடையின் உட்புறம் சேதமாகும், பக்கத்தில் நிற்கும் பணியாளருக்கும் ஆபத்து. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று பிராந்தி பாட்டிலையும் சென்ட் பாட்டிலையும் வேட்டிக்குள் செருகி அனுப்பாதீர்கள். கையிலோ காலிலோ மோதிரமும் மெட்டியும் இருந்தால் முன்பே கழற்றுங்கள். கண்களை மூடி, தாடையைக் கட்டி, கை கால்களை நேராக்குவதை இரண்டு மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள், அதற்குப் பிறகு உடல் விறைத்துக்கொள்ளும். கண் தானம் செய்ய எண்ணமிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கியை அழைத்துவிட வேண்டும்.

தற்கொலை, விஷம், தீ, பாம்புக்கடி, மாடிப்படியில் விழுந்தது என்று எதுவாக இருந்தாலும் முதலில் காவல் நிலையம்; எங்களுக்கு அழைப்பு அதற்குப் பிறகுதான். "வெளியே தெரிந்தால் அசிங்கம், நீங்கள் சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்" என்று பணத்தை நீட்டுகிறார்கள். அப்படி முடித்துக் கொடுக்கிற ஆள் கிடைத்தால், அவர் உங்களுக்கு உதவி செய்யவில்லை, உங்களையும் சேர்த்துக் குற்றவாளியாக்குகிறார்.

தகன மேடையில் கொடுக்கும் ரசீது இறப்புச் சான்றிதழ் அல்ல. வீட்டில் இறந்தவருக்கு, கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவரை உடல் வீட்டில் இருக்கும்போதே வரவழைத்து இறப்பின் காரணத்தை எழுதி வாங்க வேண்டும். எரித்துவிட்டு மறுநாள் போய்க் கேட்டால் அவர் எதைப் பார்த்து எழுதுவார்? 21 நாள்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை; ஓராண்டு கடந்தால் நிர்வாக நடுவரின் உத்தரவு என்று அலைய நேரிடும். ஆதார் அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலும் முதலெழுத்தும் பதிவிலும் அப்படியே இருக்கட்டும், வங்கியில் பின்னால் தகராறு வராது.

இப்போதெல்லாம் ஓர் அழைப்பு வந்தால், வீடு எங்கே என்று கேட்பதற்கு முன், யார் வரவேண்டும், எங்கிருந்து வருகிறார், எந்த விமானம் என்று கேட்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். கேட்பது ஏனென்றால், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானம் இறங்கும் நேரம்தான். பெங்களூரில் இறங்கினால் விமான நிலையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல், சென்னையென்றால் ஏறத்தாழ 340. குடியேற்றப் பிரிவின் வரிசையையும் பயணப் பெட்டிகளுக்குக் காத்திருப்பதையும் ஓசூர் நெரிசலையும் சேர்த்து ஏழெட்டு மணி நேரத்தைக் கூட்டி, அதற்குப் பிறகு பெட்டியா, குளிர் அறையா, எம்பாமிங்கா என்று என்னிடம் சொல்லுங்கள். டிக்கெட் இன்னும் கிடைக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அப்போது நான் பெட்டியைக் கொண்டு வர மாட்டேன், குளிர் அறை எங்கே காலியாக இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்குவேன்.