விளக்கேற்றாதவருக்கு வந்த விளக்கக் கடிதம்

கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், சட்டத்தரணியான என் அறைக்கு ஓர் அரச உத்தியோகத்தர் கடிதத்தோடு வந்தார். புத்தாண்டின் முதல் வேலைநாளில் கொழும்புத் திணைக்களங்களில் நடப்பது தெரியும்தானே: கொடியேற்றம், தேசிய கீதம், உறுதியுரை, கடைசியில் பாற்சோறு. இவருடைய அலுவலகத்தில் மங்கல விளக்கேற்றலும் இருந்தது. உச்சியில் சேவல் நிற்கும் பித்தளை விளக்கில் ஒரு திரி இவருக்கு. கிறிஸ்தவ சபை ஒன்றைச் சேர்ந்தவர். நீட்டிய மெழுகுதிரியை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மூன்றாம் நாள் கடிதம்: ஒழுக்கீனமாக நடந்தமைக்கு விளக்கம் தருக.

“விளக்கு மதச் சின்னமா, சேர்?” என்று என்னையே கேட்டார். சைவர்களான எங்களுக்கு இந்தக் கேள்வி எழுவதேயில்லை. பௌத்தப் பிரித் ஓதும்போது நெளிகிற நாங்கள், குத்துவிளக்கைக் கண்டதும் ‘இது பண்பாடுதானே’ என்று விட்டுவிடுவோம்.

மேலதிகாரிகள் உடனே எடுத்துக் காட்டுவது அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையை. பௌத்தத்துக்கு முதன்மைத் தானம், சரி. ஆனால் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் தரும் மத உரிமைகள் எல்லா மதத்தவருக்கும் உண்டென்று அதே வாக்கியம் உறுதி சொல்வதை வாசிப்பவர்கள் குறைவு. பேச்சுச் சுதந்திரத்துக்கு 15ஆம் உறுப்புரை வரையறை போடும். 10ஆம் உறுப்புரையின் மனச்சாட்சிச் சுதந்திரத்துக்கு அந்த வரையறை இல்லை. அந்த 10ஆம் உறுப்புரையை மாற்றுவதென்றால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை போதாது, சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். விழாவில் விளக்கு வைப்பது வேறு, ஒருவர் கையில் மெழுகுதிரியைத் திணிப்பது வேறு. நான்காம் அட்டவணையிலுள்ள பதவியேற்பு வாசகம்கூட உறுதியளிக்கவோ சத்தியம் செய்யவோ அவரவருக்கே விடுகிறது.

இப்படிக் கடிதம் வந்தால் எழுத்தில் பதில் கொடுங்கள். தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றதை, உறுதியுரை வாசித்ததை அதில் சொல்லுங்கள். நிகழ்ச்சி நிரலின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். முக்கியமாக நாளை எண்ணுங்கள்: அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அந்தச் சலுகையை நம்ப முடியாது.

இவர் என்னிடம் வந்தது 34ஆம் நாள். ஆணைக்குழுப் பக்கமும் போயிருக்கவில்லை. ‘இனி இவ்வாறு நடவேன், மன்னிக்கவும்’ என்று அதற்குள் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.