ஐஎஸ்எஸ்என் இருந்தால் போதுமா? களப்பணி அனுபவத்தைப் பணம் கொடுத்து அச்சேற்றுவோருக்கு

முதுகலை சமூகப்பணி மாணவி ஒருவர் தமது முதல் ஆய்வுக் கட்டுரை 'சர்வதேச ஆய்விதழில்' வெளியாகிவிட்டதென்று அண்மையில் எனக்கு அனுப்பிவைத்தார். சமூகப்பணிக் கல்வியில் களப்பணி மேற்பார்வையின் பங்கு என்பதே அதன் பொருள். உள்ளே, குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றிய கேஸ் ஒர்க் ரெக்கார்டு (களப்பணியில் ஒருவருக்கு உதவும்போது மாணவர் எழுதும் பதிவு) ஏறக்குறைய அப்படியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது: காசிமேட்டில் அவன் குடியிருக்கும் தெரு, படித்த பள்ளி, தந்தையின் தொழில், தாய் வீட்டைவிட்டுப் போன ஆண்டு. பெயரை எடுத்துவிட்டு முதலெழுத்தை மட்டும் போட்டிருந்ததால் அடையாளத்தை மறைத்தாயிற்று என்று அவர் மனப்பூர்வமாக நம்பியிருக்கிறார். மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள தெருக்களை அறிந்த எவரும் இரண்டாம் வரியிலேயே அந்தக் குடும்பம் எதுவென்று சொல்லிவிடுவார்கள். கட்டுரையை அனுப்பிய மறுநாளே ஏற்புக் கடிதம் வந்ததாம். பணம் கட்டியதும் இணையத்தில் ஏறிவிட்டது.

வடசென்னையில் களப்பணிக்கு வரும் மாணவர்களுக்கு நிறுவனத் தரப்பு மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிவருகிறேன். இது முதல் முறையாக இருந்திருந்தால் அந்த மாணவியிடம் பேசி முடித்திருப்பேன். ஆண்டு தவறாமல் ஒன்றிரண்டு இப்படி என் மேசைக்கு வருகின்றன. ஒவ்வொரு முறையும் 'யார் இதைப் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள்?' என்று கேட்டால், கிடைக்கும் பதில் ஒன்றேதான்: 'ஐஎஸ்எஸ்என் இருக்கிறதே மேடம்.'

இந்த நம்பிக்கையைத்தான் முதலில் உடைக்க வேண்டியிருக்கிறது. ஐஎஸ்எஸ்என் என்பது தொடர்ந்து வெளிவரும் ஓர் இதழை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் எட்டு இலக்க எண். நாளிதழுக்கும் அது உண்டு, வார இதழுக்கும் உண்டு, ஒரு சங்கம் தன் உறுப்பினர்களுக்காக அச்சிடும் செய்தி மடலுக்கும் கிடைக்கும். முதல் ஏழு இலக்கங்களில் நாடோ, துறையோ, தரமோ எதுவும் பொதிந்திருக்கவில்லை. எட்டாவது, மற்ற ஏழும் பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கான இலக்கம், அவ்வளவே. இந்தியாவில் இந்த எண்ணைத் தருகிற புதுதில்லி மையம் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. இதழில் வரும் கட்டுரைகளை அது படித்து மதிப்பிடுவதும் இல்லை. நல்ல இதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் திருடி, அதே பெயரில் போலித் தளம் நடத்துவோரும் இருக்கிறார்கள். அங்கே நீங்கள் காணும் எண் உண்மையானதுதான், இதழ்தான் போலி. தொகுப்பு நூல்கள் உள்ளிட்ட நூல்களுக்குத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணும் இப்படியே. இத்தனை சொன்ன பிறகும் 'ஆனால் அரசாங்கம் கொடுத்த எண்தானே' என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆம், எண்தான் கொடுத்தது.

எண்ணை விட்டு, ஒப்புதல் பெற்ற இதழ்களின் பட்டியலை நம்பியிருந்தவர்களின் நிலையும் இன்று மாறிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தான் ஒப்புதல் அளித்த இதழ்ப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை 2018 மே மாதத்தில் நீக்கியது. 2019-இல் யுஜிசி கேர் என்ற புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளர்களிடமும் விடப்பட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் யுஜிசியின் 2022 விதிமுறைகளில் இல்லை. அப்படியிருக்க, முதுகலை மாணவர்களை 'உங்கள் பேரும் வரும், என் பேரும் வரும்' என்று ஊக்குவிக்கும் ஆசிரியர்களைத்தான் நான் அதிகம் கடிந்துகொள்வேன். பதவி உயர்வுக்கான புள்ளிகள் அவர்களுக்குத் தேவைப்படுவது எனக்குத் தெரியும். அந்தப் புள்ளிகளுக்கான விலையை ஒரு மீனவக் குடும்பத்தின் பிள்ளை கொடுக்கலாகாது.

மாணவர்கள் இன்னொன்றையும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். களப்பணியின்போது ஒரு தாய் தன் வீட்டுத் துயரத்தைச் சொல்கிறார் என்றால், உதவி கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறார். அந்த இசைவு ரெக்கார்டு எழுதுவதற்கும், மேற்பார்வைக்கும், மாணவர்கள் கூடிக் களப்பணியை விவாதிக்கும் குரூப் கான்ஃபரன்ஸில் பேசுவதற்கும் செல்லும், வெளியீட்டுக்குச் செல்லாது. வெளியீட்டுக்கென்று தனியே, அவருக்குப் புரியும் மொழியில், மறுத்தாலும் சேவை நிற்காது என்று உறுதி சொல்லி, இசைவு பெற வேண்டும். குழந்தையாக இருந்தால் இசைவு பெற்றாலும் சட்டம் குறுக்கே நிற்கும்: இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி மட்டுமின்றி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரத்தையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களின் விவரங்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. இவற்றையெல்லாம் முதல் பருவத்திலேயே படித்துத் தேர்வெழுதிய மாணவர்கள், கட்டுரை எழுத உட்காரும்போது மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிகுதி. சமூகப்பணிக் கல்வியைப் பற்றி உலகம் படிக்கும் கட்டுரைகளில் பெரும்பங்கு அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருகின்றன. மும்பையில் 1936-இல் முதல் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது, சென்னையில் 1952-இல் தொடங்கியது. ஆனாலும் நம் மாணவர்கள் இன்றுவரை பிறநாட்டு உதாரணங்களைப் படித்துவிட்டே வியாசர்பாடிக்கும் திருவொற்றியூருக்கும் இறங்குகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய ஓரிடத்தில் நிவாரணக் கணக்கெடுப்புக்கு நிற்கும் மாணவருக்கு வகுப்பறைப் பாடத்தில் எது கைகொடுத்தது, எது கைவிட்டது, கோபத்தோடு எதிரில் நிற்கும் மக்களிடம் என்ன பேசுவதென்று யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று பொறுமையாக எழுதினால், அதைப் படிக்க அடுத்த தலைமுறை ஆசிரியர்கள் காத்திருக்கிறார்கள். இரண்டு நாளில் அச்சேறும் இதழில் போட்டால் அது யார் கண்ணிலும் படாமல் போகும். பிறகு நல்ல இதழுக்கு அனுப்பவும் முடியாது, ஏற்கெனவே வெளியானது என்று திருப்பிவிடுவார்கள்.

ஆகவே அனுப்புமுன் இதழின் பழைய வெளியீடுகளில் நான்கு கட்டுரைகளையாவது படியுங்கள். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பெயர் அவரவர் கல்லூரிப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பொறியியல், சித்த மருத்துவம், வணிகவியல், சமூகப்பணி எல்லாவற்றையும் ஒரே இதழில் போடுபவர்களிடம் உங்கள் கட்டுரையை மதிப்பிடத் தகுந்தவர் இருக்க மாட்டார். வாட்ஸ்அப்பில் வரும் அழைப்பை அழித்துவிடுங்கள். கட்டணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது, எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களில் நேர்மையானவையும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் சந்தா முறையில் நடக்கும் பல நல்ல சமூகப்பணி இதழ்களில், திறந்த அணுக்கத்தை நீங்களாகத் தேர்ந்தெடுத்தாலொழிய, எழுதுபவர் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். உங்களை ஒருவர் படித்திருக்கிறார் என்பதற்கு அதுதான் சான்று. களப்பணி நிறுவனத்திடம் வரைவைக் காட்டி எழுத்து மூலம் ஒப்புதல் பெறாமல் எதையும் எங்கும் அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே வெளியிட்டுவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடையாளம் காட்டும் விவரங்கள் இருந்தால் கட்டுரையை நீக்கச் சொல்லி இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். நீக்குவதற்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடாமல் அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். துறைத் தலைவருக்கும் களப்பணி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். திட்டுவார்கள் என்று அஞ்சித் தள்ளிப்போட்டால், அந்தக் குடும்பம் தன் கதையை வேறு யாரோ ஒருவருடைய கைபேசியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்.