நாயின் புருவத்துக்கு அடியில் ஒரு தசை

ஒரு வாசகி எழுதியிருந்தார்: "குட்டிதான் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் நாய்க் காப்பகத்துக்குப் போனோம். கடைசிக் கூண்டில் நான்கு வயது நாட்டு நாய் ஒன்று. குரைக்கவில்லை, கம்பியில் பாயவில்லை. தலையைத் தாழ்த்தி, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தது. என் மகள் அழுதுவிட்டாள். அதைத்தான் கூட்டிவந்தோம். அது கேட்டுத்தான் பார்த்ததா, இல்லை நாங்களாக நினைத்துக்கொண்டோமா?"

முதலில் ஒரு கண்ணாடி முன்னால் போய் நில்லுங்கள். புருவத்தை முழுசாகத் தூக்காமல், மூக்குப் பக்கம் இருக்கும் உள்முனைகளை மட்டும் தூக்கிப் பாருங்கள். பலருக்கு வராது. ஆனால் துக்கம் வரும்போது யாரும் சொல்லித்தராமல் தானாக வரும். அதனால்தான் அந்த அசைவை எங்கே பார்த்தாலும் 'ஐயோ பாவம்' என்கிறோம். நாய்க்கு நம்மைப் போல அடர்ந்த புருவம் இல்லை. ஆனால் அதே இடத்துத் தோலை அதே மாதிரி மேலே இழுக்க முடியும். இழுத்தால் கண் பெரிதாகத் தெரியும், சமயத்தில் வெள்ளைவிழியும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். பெரிய கண் என்றாலே நமக்குக் கைக்குழந்தை முகம்தான். பிறகு எங்கே தப்புவது!

இது எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று பிரிட்டனில் எண்ணியே பார்த்தார்கள். பிரிட்ஜெட் வாலர், ஜூலியான் காமின்ஸ்கி குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. காப்பகங்களில் இருந்த 27 நாய்கள். எல்லாம் புல் டெரியர், மாஸ்டிஃப் வகை, அதாவது பார்த்ததும் கொஞ்ச வேண்டும் என்று தோன்றாத முரட்டு முகங்கள். கூண்டுக்கு முன் ஒருவர் 2 நிமிடம் நிற்பார், கேமரா ஓடும். அந்த நேரத்தில் 5 முறை புருவம் தூக்கிய நாய்க்கு வீடு கிடைக்கச் சராசரியாக 50 நாள். 10 முறை என்றால் 35 நாள். 15 முறை என்றால் 28. வாலை ஆட்டி ஆட்டி நின்ற நாய்களுக்கு அதனால் ஒரு லாபமும் தெரியவில்லை. 27 என்பது சின்ன எண்ணிக்கைதான், இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்றாலும் வாலைவிடப் புருவம் பெரிது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, தோலை இழுப்பது எது? இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்காது. அதே ஆட்கள் உடற்கூற்று நிபுணர்களுடன் சேர்ந்து, இறந்துபோன 6 நாய்களின் முகத்தையும் 4 ஓநாய்களின் முகத்தையும் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். நாயும் ஓநாயும் கிட்டத்தட்ட ஒரே முகம்: அதே தசைகள், அதே இடங்கள். கண்ணைச் சுற்றித்தான் கணக்கு மாறுகிறது, முக்கியமாகக் கண்ணுக்கு மேலே உள்மூலையில். நாய்களில் அங்கே ஒரு சின்னத் தசை, எல்லா நாயிலும் ஒழுங்காக இருக்கிறது. ஓநாயில் அந்த இடத்தில் சில மெல்லிய நார்கள், கொஞ்சம் இணைப்புத் திசு, அவ்வளவுதான். சில ஆயிரம் தலைமுறைகளுக்குள் ஒரு தசை முளைப்பதோ மறைவதோ பரிணாமத்தில் சாதாரண வேகமில்லை; எலும்பு போலப் புதைபடிவமாகவும் அது கிடைக்காது, கத்தியைப் பிடித்துத்தான் தேட வேண்டும். மரபணு என்று சொன்னால் நிதி கொட்டுகிறது, தசையைப் பிரிக்கிறேன் என்றால் 'இதெல்லாம் போன நூற்றாண்டு' என்கிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு.

மனிதர்கள் உட்கார்ந்து திட்டம் போட்டு இதை வளர்க்கவில்லை. புருவம் தூக்கிய நாய்க்கு ஒரு வாய் சோறு கூடக் கிடைத்திருக்கும், மழையில் திண்ணையில் ஒதுங்க விட்டிருப்பார்கள். அதன் குட்டிகள் பிழைத்தன. கதை இப்படித்தான் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது, 2024-இல் ஒரு குழு ஆப்பிரிக்கக் காட்டு நாயின் முகத்தைப் பிரித்தது. அதை யாரும் வீட்டில் வளர்த்ததில்லை. சவானாப் புல்வெளியில் கூட்டமாக வேட்டையாடித் திரிவது. அதற்கும் அதே தசை, நன்றாகவே வளர்ந்து! ஆக, தசையை மனிதன்தான் உண்டாக்கினான் என்று இனி அடித்துச் சொல்ல முடியாது. ஒருவேளை மூதாதைக்கு இருந்து, ஓநாய் அதை இழந்திருக்கலாம். அப்படியே இருந்தாலும், புருவத்தைத் தூக்கும் நாயை நாம்தான் வீட்டுக்குள் விட்டோம்.

ஊளைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஓநாயின் முகத்தசையில் மெதுவாகச் சுருங்கி வெகுநேரம் தாங்கும் இழைகள் அதிகம். நீண்ட ஊளைக்கு அது தோது. நாயின் முகத்தசையில் சட்டென்று சுருங்கும் இழைகள் அதிகம். குரைப்புக்கும் நொடியில் மாறும் முகபாவத்துக்கும் அது தோது. இருந்தாலும் நாய்க்கு ஊளை முழுசாக விட்டுப்போகவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் காப்பகத்து நாயைக் கூட்டிவந்து, இரண்டாம் நாள் ராத்திரி அது ஊளையிட்டதும் 'எமன் வருகிறான்' என்று மறுநாளே திருப்பி விட்டுவிட்டார்கள். புது இடத்தில் தனியாகப் படுக்க வைத்த நாய் வேறு என்ன செய்யும்?

இனி உங்கள் கேள்வி. 2017-இல் காமின்ஸ்கி செய்த சோதனை எளிது. ஆள் நாயைப் பார்த்து நிற்கிறார், அப்புறம் முதுகைக் காட்டி நிற்கிறார். கையில் சாப்பாடு இருக்கும், இல்லாமலும் இருக்கும். ஆள் பார்க்கும்போதுதான் நாயின் முகம் அதிகம் அசைந்தது, குறிப்பாகப் புருவம். சாப்பாடு இருந்ததா இல்லையா என்பதால் எந்த மாற்றமும் இல்லை. அதாவது அது உள்ளே பொங்கும் உணர்ச்சி தானாக வழிவது மட்டுமல்ல, பார்க்கும் ஆளுக்காக வருவது. அதற்காக 'இவளை அழவைத்து வீட்டுக்குப் போய்விடலாம்' என்று அது கணக்குப் போட்டது என்றும் சொல்ல முடியாது.

கூண்டுக்கு வெளியே வந்த பிறகு புருவம் மட்டும் போதாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு காப்பகத்தில் கவனித்தபோது, நாயும் அதை எடுக்க வந்த ஆளும் சேர்ந்திருக்கும் நேரம் சராசரி 8 நிமிடம். அதில் முடிவைத் திருப்பியவை இரண்டே விஷயங்கள்: நாய் பக்கத்தில் வந்து படுத்ததா, விளையாடக் கூப்பிட்டபோது கண்டுகொள்ளாமல் போனதா. இதில் பாவம் என்னவென்றால், காப்பகத்துக்கு வந்த முதல் 3 நாள் நாயின் ரத்தத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் எகிறிக் கிடக்கும். அப்போது பந்தைப் போட்டால் அது எங்கே ஓடும்? ஆனால் ஹங்கேரியில் நடந்த ஓர் ஆய்வில், 10 நிமிடம் வீதம் மூன்றே முறை ஒருவர் கூட இருந்ததும் காப்பக நாய்கள் அவரிடம் பற்று காட்டத் தொடங்கின. வளர்ந்த நாய் ஒட்டாது என்று குட்டியையே தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உங்கள் நாயையே சோதித்துப் பாருங்களேன். நீங்கள் அடுப்பைப் பார்த்து நில்லுங்கள், மகள் கதவு மறைவிலிருந்து அதன் புருவத்தை 2 நிமிடம் எண்ணட்டும். பிறகு நீங்கள் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள், இன்னொரு 2 நிமிடம். இரண்டு எண்களையும் எழுதி அனுப்புங்கள்.