உளுந்து விலை எங்கே முடிவாகிறது?

2017 ஆகஸ்டில் பர்மாவின் (மியான்மர்) பெகு பக்கத்திலிருந்து ஓர் அக்கா ரங்கூனில் எங்கள் தரகுக் கடைக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வந்த உளுந்தை மேசையில் கொட்டி விரலால் பரப்பினார். "பாருங்க தம்பி, கல் இல்ல, ஈரம் இல்ல, வண்டு இல்ல. அப்புறம் ஏன் விலை இல்ல?"

சரக்கில் குறையே இல்லை. போன வருஷ விலை திரும்பும் என்று அறுவடையிலிருந்து வீட்டிலேயே அடுக்கி வைத்திருந்தார். இந்தியாவில் இரண்டு வருஷம் மழை பொய்த்ததால் ஏறிய விலை அது. 2016-17இல் அங்கே பருப்பு வகைகள் அமோகமாக விளைந்து, அந்த ஊர் விவசாயிக்கே விலை விழுந்தது. அந்த ஆகஸ்டில்தான் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று இந்தியா இறக்குமதிக்கு வரம்பு கட்டியது.

இங்கே பர்மாவில் நெல் அறுத்த வயலில் மிச்ச ஈரத்திலேயே உளுந்து வந்துவிடும், செலவு குறைவு. நமக்கு வாகானதை விளைத்து விற்று மற்றதை வாங்கிக்கொள்வது லாபம் என்று 1817இல் பொருளியல் அறிஞர் ரிக்கார்டோ சொன்னது இதைத்தான். அது சரியான கணக்குதான். ஆனால் பர்மியர் சமையலில் உளுந்துக்கு வேலை குறைவு; இங்கே இருக்கும் நம் தமிழர் வீட்டு இட்லி, தோசைக்கு எவ்வளவு போகும்? மற்றதெல்லாம் கப்பலேற வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஒரே நாட்டுக்கு. அந்த நாடு கதவைச் சாத்தினால் வேறு வாசல் இல்லை.

விலை விழுவதைக்கூடத் தாங்கலாம். கடன் வாங்கி விதைத்தவருக்கு விலை பாதியானாலும் கடன் பாதியாவதில்லை. நம் பாட்டன் காலத்தில் நடந்தது இதுவே. 1930களில் உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது. கடனுக்கு ஈடாக வயல்கள் கைமாறின. கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் 1930இல் சுமார் 6 சதவீதம், வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களிடம் இருந்தது, 1938இல் 25 சதவீதம். உழவரும் நொந்தார்கள், பணத்துக்குப் பதில் மண் வந்து சேர்ந்த செட்டியார்களும் நொந்தார்கள்.

2021இல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்து எடுப்பதாக ஐந்து வருஷத்துக்கு இந்தியா ஒப்புக்கொண்டது. அது அளவுக்குத்தான் உறுதி தந்தது, விலைக்கு அல்ல. அதனால் விதைக்குமுன் இந்தியாவில் மழை எப்படி, வரம்பு மாறியதா என்று தரகரிடம் கேளுங்கள். அறுவடையில் சரக்காகவே தருகிறேன் என்று முன்கூட்டியே குறைந்த விலைக்குப் பேசிக் கடன் வாங்காதீர்கள்.

அந்த அக்கா அன்று கடனுக்கு வேண்டிய மூட்டைகளை மட்டும் விற்றார். அடுத்த பருவத்தில் பாதி வயலில் பாசிப்பயறு போட்டார். அதைச் சீனாவும் வாங்குகிறது.