கரைவலையும் பால்வாடிப் பாட்டும்

தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் 'ஏலேலோ' என்று எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் 'ஐலசா' என்பார்கள். அப்போது அவர்கள் கைகளைக் கவனியுங்கள். 'ஐலசா' காதில் விழுந்த பிறகு யாரும் கயிற்றை இழுப்பதில்லை. அப்படி இழுத்தால் பிந்திவிடும். அது எப்போது வரும் என்று உடம்புக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பால்வாடியில் டீச்சர் கைதட்டிப் பாடும்போது மூன்று வயதுப் பிள்ளையின் தலைக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

தாளம் என்றாலே வரப்போகும் அடியை ஊகிப்பது. இந்த ஊகம் பிறவியிலேயே வருகிறது. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது டிரம் ஒலியைக் கேட்கவைத்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள் (2009). இடையிடையே சுற்றின் முதல் அடியை மட்டும் விட்டுவிட்டார்கள். சத்தமே இல்லாத அந்த இடத்தில் குழந்தையின் மூளை துணுக்குற்றது.

அப்புறம், உடம்பு. 2005-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தம் இல்லாத ஒரே தாளத்தை ஒலிக்கவிட்டு, சிலரை இரண்டாம் அடிக்கு ஒருமுறையும் சிலரை மூன்றாம் அடிக்கு ஒருமுறையும் குலுக்கினார்கள். பிறகு, தாங்கள் குலுங்கிய விதத்தில் அழுத்தம் விழும் தாளத்தையே குழந்தைகள் அதிக நேரம் கேட்டன. யாரோ குலுங்குவதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் இந்த விருப்பம் இல்லை. செல்போனில் பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறோமே, அங்கே விடுபடுவது இதுதான். 'மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டாலே பிள்ளைக்கு அறிவு வளரும்' என்ற பேச்சும் அப்படித்தான். அந்தப் பேச்சுக்கு அடிப்படையான சோதனை 1993-இல் நடந்தது கல்லூரி மாணவர்களிடம். பலனும் சில நிமிடங்களே நின்றது.

தமிழ்ப் பிள்ளைக்குத் தாளத்தில் தனி ஆதாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். கல்லும் காலும், படமும் பாடமும் நம் மொழியில் வேறுபடுவது ஒலி நீளும் நேரத்தால்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அந்த ஒரு மாத்திரையைக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று பழைய இலக்கணக்காரர்கள் அளந்தார்கள். டீச்சரின் கையும் அதே அளவுகோல்தானே! இந்த நேரக்கணக்கு காதில் ஏறாத பிள்ளைக்குத் துணைக்கால் வெறும் கோடு. தாளத்தையும் சுருதியையும் நன்றாகப் பிரித்தறியும் நாலைந்து வயதுப் பிள்ளைகள் சொல்லின் ஒலிகளையும் நன்றாகப் பிரிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் எது காரணம், எது விளைவு என்பதை அதைக்கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது.

பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களில் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் தாய்மார் இருக்கிறார்கள். அம்மாவை விட்டுப் பிரிந்த பிள்ளை காலையில் பால்வாடியில் அழத்தான் செய்யும். அங்கேயும் கூட்டுத்தாளம் உதவலாம். எதிரே நிற்பவரோடு ஒரே தாளத்தில் குலுங்கிய பதினாலு மாதக் குழந்தைகள், பிறகு அவர் தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்க அதிகம் முன்வந்தன (2014).

வரப்போவதை ஊகிக்கும் இந்தத் திறனைச் சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்குப் பழகிய பாட்டைப் பாடி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் சட்டென்று நிறுத்துங்கள். ஓரிரு நொடிதான், மொத்தக் கூட்டமும் அதைக் கத்தி முடிக்கும்.