கைராசியும் கணக்கும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மருத்துவரின் பெயரை இணையத்தில் தட்டினால், எங்கே படித்தார், உரிமம் செல்லுபடியாகிறதா என்பதோடு தகவல் நிற்பதில்லை. கடந்த பத்து ஆண்டுகளில் அவர் சார்பில் நோயாளிகளுக்கு நஷ்டஈடு கொடுக்கப்பட்டதா, மருத்துவமனை அவர்மீது நடவடிக்கை எடுத்ததா, குற்ற வழக்கில் தண்டனை பெற்றாரா என்பதும் வரும். 1996-இல் இதற்கெனச் சட்டம் போட்டார்கள். அந்த நாட்டில் இவ்வளவு திறந்து வைத்த முதல் மாநிலம் அதுதான்.

அந்தப் பக்கத்தில் உள்ள எல்லா வரிகளையும் ஒரே மாதிரி நம்ப வேண்டியதில்லை. உரிம விவரம், மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கும் மாநில வாரியத்தின் சொந்தப் பதிவு. நஷ்டஈட்டு விவரம் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டாயமாகத் தெரிவிப்பது. வெளியிட்ட கட்டுரைகள், சமூகப் பணி போன்றவற்றை வேண்டாமென்றால் மருத்துவர் நீக்கிவிடச் சொல்லலாம். முழுப் பக்கத்தையும் வெளியிடும் முன் அவருக்குக் காட்டி, பிழை திருத்த அவகாசமும் தர வேண்டும்.

எல்லோர் கண்ணும் போவது என்னவோ நஷ்டஈட்டு வரிக்குத்தான். வழுக்குவதும் அங்கேதான். மூளை அறுவை செய்பவர் பெயரில் இரண்டு நஷ்டஈடு, குழந்தை மருத்துவர் பெயரில் ஒன்றுமில்லை என்றால், முன்னவர் கைராசி இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடுவோம். ஆனால் 1991 முதல் 2005 வரையிலான வழக்குகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு வேறு படத்தைக் காட்டியது. நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஆண்டுக்கு 19.1 சதவீதம் பேர்மீது நஷ்டஈடு கேட்டுப் புகார் வந்தது. குழந்தை மருத்துவர்களில் 3.1 சதவீதம் பேர்மீதுதான். ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு முன்பே துறை பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. புகார்களில் 78 சதவீதம் பணம் எதுவும் கைமாறாமலே முடிந்தன என்பதும் அதே ஆய்வில் உண்டு.

இதனால்தான் மாசசூசெட்ஸில் தொகையை அப்படியே போடாமல், அதே துறையினரோடு ஒப்பிட்டுச் ‘சராசரி’, ‘சராசரிக்கு மேல்’, ‘சராசரிக்குக் கீழ்’ என்று வகை பிரித்துக் காட்டுகிறார்கள். சமரசமாகப் பணம் கொடுத்ததை வைத்துத் தவறு நடந்ததாகக் கொள்ளக்கூடாது என்ற எச்சரிக்கையும் சேர்ந்தே வரும். நியாயம்தான், நீதிமன்றம் ஏறி இறங்கும் செலவுக்கு அஞ்சியே முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. முடிவாகாத வழக்குகள் காட்டப்படுவதே இல்லை. அதனால் நேற்று நடந்த தவறு இன்று அந்தப் பக்கத்தில் இருக்காது.

அப்படியானால் இந்த வரியைப் பார்ப்பதே வீணா? ஒற்றைப் பதிவு பெரிதாக ஒன்றும் சொல்லாது என்பது என் எண்ணம். திரும்பத் திரும்ப வருவது வேறு விஷயம். 2005 முதல் 2014 வரை நாடு முழுதும் கொடுக்கப்பட்ட நஷ்டஈடுகளை ஆராய்ந்தபோது, மருத்துவர்களில் சுமார் 1 சதவீதம் பேரே 32 சதவீத நஷ்டஈடுகளுக்குக் காரணமாக இருந்தார்கள். மூன்று முறை நஷ்டஈடு கொடுக்கப்பட்டவருக்கு, ஒரே முறை கொடுக்கப்பட்டவரைவிட அது மறுபடி நேரும் வாய்ப்பு மும்மடங்கு.

இந்தக் கணக்கு கிடைத்தது இத்தகைய நஷ்டஈடுகளைப் பதிவு செய்து 1990 முதல் இயங்கும் தேசியத் தரவு வங்கி ஒன்றிலிருந்து. ஆய்வாளர்களுக்குப் பெயர் நீக்கிய கோப்பு கிடைக்கும். மருத்துவமனைகளும் உரிம வாரியங்களும் பெயரோடு தேடலாம். நோயாளிக்கு அந்த வசதி கிடையாது.